உஷார்! போர் விமான மீட்டரை வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள்!

தம்பிகளா, கொஞ்சம் நில்லுங்கள். இதைப் படித்துவிட்டு அப்புறம் காயலான் கடைக்குப் போங்கள்.

இரண்டாம் உலகப் போர் விமானங்களின் காக்பிட் எங்காவது மிச்சமிருக்கிறதா என்று தேடும் ஆசை சிலருக்கு உண்டு. ராமநாதபுரம் கரையில் அந்த ஆசை வருவதில் வியப்பில்லை. உச்சிப்புளியில் இன்று கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து இருக்கிற இடம், பிரிட்டிஷார் காலத்துப் போர்க்கால ஓடுதளம். 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் கொழும்பிலும் திரிகோணமலையிலும் குண்டு போட்டன. போர் நம் கடலுக்கு அக்கரை வரை வந்துவிட்டது. ஆசைப்படுவதை நான் குறை சொல்லவில்லை. என் பயம் வேறு.

முழு விமானத்தை யாரும் வீட்டுக்குத் தூக்கி வரப்போவதில்லை. காக்பிட்டிலிருந்து ஒரு மீட்டரைத்தான் கழற்றி வருவீர்கள். ஆபத்தே அதில்தான்!

இருட்டில் விமானி பார்ப்பதற்காக அந்த எண்களிலும் முட்களிலும் ரேடியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த சாயம் பூசினார்கள். இன்று அது ஒளிராது. ஒளிரவில்லையே, செத்துப் போயிற்று என்று நினைத்துவிடாதீர்கள். செத்தது ஒளி விடுகிற துத்தநாக சல்பைடு மட்டும். ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 வருஷம் ஆகும்! கண்ணாடியைத் திறந்தால் உதிர்ந்த சாயம் தூசியாகப் பறக்கும். மூச்சிலோ விரல் வழியாக வாயிலோ போனால், சுண்ணாம்புச் சத்து என்று நம்பி எலும்பு அதைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். 1920களில் அமெரிக்காவில் கடிகாரங்களுக்கு இந்தச் சாயம் பூசிய பெண்கள், தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கினார்கள். பலருக்குத் தாடை எலும்பே அழுகியது.

டெல்லி மாயாபுரியில் 2010 ஏப்ரலில் நடந்ததைக் கேளுங்கள். ஏலத்தில் வந்த பழைய ஆய்வகக் கருவியைக் காயலான் கடையில் உடைத்தார்கள். உள்ளே கதிர்வீச்சு வீசும் கோபால்ட்-60. ஒரு கடைக்காரர் சின்னத் துண்டு ஒன்றை மணிபர்சில் வைத்துக்கொண்டு நடமாடினார். உடம்பு வெந்துபோனது. வேறொரு தொழிலாளி இறந்தே போனார். மீட்டரில் உள்ள ரேடியத்துக்கு அத்தனை வீரியம் கிடையாது, உண்மைதான். ஆனால் அந்தக் கடைக்காரருக்கும் தன் கையில் இருப்பது என்னவென்று தெரியாது.

அடுத்தது தோட்டா. ஹரிகேன் என்ற போர் விமானத்தில் ஒரு ரகத்துக்கு எட்டு இயந்திரத் துப்பாக்கி, இன்னொரு ரகத்துக்கு நான்கு 20 மி.மீ. பீரங்கி. சமிக்ஞை வெடி, அழுத்தக் காற்று அடைத்த குப்பி எல்லாம் விமானத்தோடு வரும். கடலில் கிடந்தாலும், மண்ணில் புதைந்தாலும் வெடிமருந்தை நம்பக் கூடாது. 2018 ஜூனில் தங்கச்சிமடத்தில் ஒரு மீனவர் வீட்டில் கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி தோண்டினார்கள். பெட்டி பெட்டியாகத் தோட்டாக்களும் வெடிபொருட்களும் வந்தன. 1980களில் ஈழப் போராளிகள் புதைத்தவையாக இருக்கும் என்றது போலீஸ். அத்தனை வருஷமும் அதன் மேலேதான் மனிதர்கள் நடந்திருக்கிறார்கள்! நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. நல்லவேளை, கண்டவர்கள் போலீசுக்குச் சொல்லிவிட்டார்கள்.

எதைப் பார்த்தால் விலக வேண்டும்? எண்கள் பழுப்பேறிச் சாயம் பொரிந்த மீட்டர். பச்சைக் களிம்பு பிடித்த பித்தளை உருளை. வால்வு வைத்த குப்பி. இழுவை மடியில் ஏறுகிற, அளவுக்குப் பொருந்தாமல் கனக்கிற பொருள். பாசி எடுக்கப் போகிற அம்மாக்களே, உங்களுக்கும்தான்! தட்டாதீர்கள். சுரண்டாதீர்கள். அரத்தால் தேய்க்காதீர்கள். பிள்ளைகளிடம் விளையாடக் கொடுக்காதீர்கள்.

சட்டமும் சும்மா விடாது. மெட்டல் டிடெக்டரோடும் டிரோனோடும் கடற்படைத் தளத்துப் பக்கம் திரிந்தால் வழக்கு வரும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்கா. அனுமதியில்லாமல் கால் வைக்க முடியாது. உரிமம் இல்லாமல் தோட்டா ஒன்றை வைத்திருந்தாலே ஆயுதச் சட்டம் பாயும். போர்க்கால விமானம் பார்க்க வேண்டுமா? டெல்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் ஹரிகேன், ஸ்பிட்ஃபயர், லிபரேட்டர் எல்லாம் நிற்கின்றன. அங்கே போங்கள்.

வெடிபொருள் போல எது தென்பட்டாலும் தள்ளி நின்று 112 அல்லது கடலோரக் காவல் 1093 எண்ணுக்கு அழையுங்கள். மீட்டர் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறதா? திறக்காதீர்கள். பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, ஆள் படுக்காத, காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மாவட்ட நிர்வாகம் வழியாக அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குத் தெரிவியுங்கள். பயந்துபோய்க் குப்பையில் மட்டும் போட்டுவிடாதீர்கள். குப்பை பொறுக்கும் பிள்ளை அதைக் கையில் எடுக்கும்.