நண்பகற் சோதனை

கிறிஸ்தவம் தோன்றிய முதல் மூன்று நூற்றாண்டுகளில், அதனைத் தழுவியோர் தம் விசுவாசத்துக்குக் கேடு எங்கிருந்து வரும் என்பதை ஐயமற அறிந்திருந்தனர். அது அரச ஆணையாக வந்தது. சிறையாகவும் கொலைக்களமாகவும் வந்தது. உரோமைத் தெய்வங்களின் பலிபீடத்திற் சிறிது சாம்பிராணி இட்டால் உயிர் தப்பும். இடாவிடில் உயிர் போகும். சோதனை கொடியதுதான், ஆயினும் அதனை இனங்காண்பதில் எவருக்கும் இடர்ப்பாடு இருக்கவில்லை. கி. பி. 313 இல் பேரரசர்களான கொன்ஸ்தந்தீனும் லிசீனியுசும் மிலான் நகரிற் செய்துகொண்ட இணக்கத்தால் அந்நிலை மாறிற்று. கிறிஸ்தவனாக இருப்பது ஆபத்து என்ற காலம் போய், அஃது ஆதாயம் என்ற காலமும் மெல்ல மெல்ல வந்தது. வாள் உறைக்குட் புகுந்த பின்னர் விசுவாசத்தைக் கெடுப்பது யாது? இவ்வினாவை மிகக் கூர்மையாக ஆராய்ந்தவர்கள் நகரத்துப் பண்டிதர்கள் அல்லர். எகிப்து நாட்டுப் பாலைவனத்திலே குடிசை கட்டி வாழ்ந்த துறவிகள். அவர்களுட் பலர் எழுத்தறியாத குடியானவர்கள்.

அலெக்சாந்திரியா நகருக்குத் தெற்கே நித்திரியா, கெல்லியா, ஸ்கேட்டிஸ் என மூன்று துறவுக் குடியிருப்புகள் நான்காம் நூற்றாண்டில் எழுந்தன. கெல்லியா என்ற கிரேக்கச் சொல்லுக்கு அறைகள் என்பது பொருள். மணல் மூடிப் பல நூற்றாண்டுகளாக மறைந்து கிடந்த அவ்விடத்தை 1964 ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் அந்துவான் கில்லோமோன் கண்டறிந்தார். பின்னர் நடந்த அகழ்வுகளில், துறவியர் வாழ்ந்த கட்டடங்கள் ஆயிரத்துக்கும் மேலாக வெளிப்பட்டன. ஒருவர் குரல் மற்றவர் செவியில் விழாத தூரத்தில் அவர்கள் வாழ்ந்தனர். சனியும் ஞாயிறும் மட்டுமே கோவிலிற் கூடினர். ஏனைய நாட்களில் ஓலை பின்னுதல், கயிறு திரித்தல், செபித்தல், பிற்பகல் மூன்று மணியளவில் ஒருவேளை உணவு. முதிர்ந்த துறவியை 'அப்பா' என்று அழைத்தனர். சுவிசேஷத்தில் வரும் அரமேயச் சொல் அது. தமிழ்ச் செவிக்கு அதனை விளக்க வேண்டியதில்லை.

ஊரிலே கேடு, காட்டிலே அமைதி என்று எண்ணி இவர்கள் சென்றனர் எனக் கருதுவது தவறு. அங்கே போர் காத்திருக்கிறது என்று தெரிந்தே சென்றனர். யோர்தானில் ஞானஸ்நானம் பெற்றவுடன் இயேசு வனாந்தரத்திற்குச் சென்று நாற்பது நாட் சோதிக்கப்பட்டார் என்பது அவர்கள் மறவாத செய்தி. பொருளும் உறவும் பதவியும் விலகிய பின்னும் மனிதனுக்குள் எஞ்சி நிற்பது யாது என்பதைப் பாலைவனம் காட்டிவிடும்.

எஞ்சி நிற்பவை எண்ணங்கள். இதனைத் தெளிவுற எழுதி வைத்தவர் ஏவாக்கிரியுஸ். இன்றைய துருக்கி நாட்டின் வடபகுதியான பொந்துவில், ஏறத்தாழ 345 ஆம் ஆண்டிற் பிறந்தவர். கல்வியிற் சிறந்தவர், நாவன்மை மிக்கவர். கொன்ஸ்தாந்திநோப்பிள் நகரில் தியாக்கோனாகப் பணியாற்றிப் பெரும்புகழ் பெற்றிருந்த வேளையில், உயர்பதவியாளர் ஒருவரின் மனைவி மீது அவருக்குக் காதல் மூண்டது. ஓரிரவு கண்ட கனவினால் அஞ்சி நகரை விட்டு நீங்கி எருசலேம் சென்றார். அங்கே மீண்டும் பழைய ஆடம்பரத்தில் மனம் சாய்ந்தது. காய்ச்சல் கண்டு மாதக்கணக்கிற் படுத்தார். மருத்துவர்களாற் பிணியை அறிய முடியவில்லை. மெலானியா என்ற துறவுப் பெண்மணியே உள்ளத்தில் மறைத்து வைத்த ஒன்று இருக்கிறது என்பதை உணர்ந்து, அதனை வெளியிடச் செய்தார். சொன்ன பின் உடல் தேறிற்று என அவரின் மாணாக்கர் பலாதியுஸ் எழுதியுள்ளார். ஏவாக்கிரியுஸ் எகிப்துக்குச் சென்று, நித்திரியாவில் இரண்டாண்டும் கெல்லியாவில் ஏறக்குறையப் பதினான்கு ஆண்டும் வாழ்ந்து, 399 இல் இறந்தார். ஏடு படியெடுத்துக் கிடைத்த கூலியே அவரது சீவனோபாயம்.

பெருந்தீனி, காமம், பொருளாசை, துயரம், சினம், சலிப்பு, வீண்புகழ், அகந்தை என எண்ணங்களை அவர் எட்டாக வகுத்தார். இவற்றைப் பாவங்கள் என அவர் கூறவில்லை என்பது கருதற்பாலது. எண்ணம் வருவதும் வராமையும் நம் வசத்தில் இல்லை. வந்த எண்ணம் தங்குவதும் தங்காமையும் நம் வசத்தில் உண்டு என்பதே அவரது கோட்பாடு. தீய நினைவுகளின் தொல்லை தாளாமல் ஒரு சகோதரன் அப்பா பொய்மெனிடம் வந்தான். அவர் அவனை வெளியே அழைத்துச் சென்று, மேலாடையை விரித்துக் காற்றைப் பிடிக்கும்படி சொன்னார். முடியாது என்றான். அதுபோலவே எண்ணங்கள் வருவதையும் தடுக்க முடியாது, எதிர்த்து நிற்பதே உன் பணி என்றார் முதியவர். செபிக்கும் வேளையிலேயே ஐயமும் அருவருப்பான நினைவும் தோன்றுகின்றனவே, ஆகவே விசுவாசம் போய்விட்டது போலும் என்று கலங்குவோர் எக்காலத்திலும் உளர். அவர்களுக்கு இந்தச் சிறு நிகழ்ச்சி பெரிய ஆறுதல்.

எட்டனுள் மிகக் கொடியது எனத் துறவிகள் அஞ்சியது காமம் அன்று, சலிப்பே. கிரேக்கத்தில் அதனை 'அக்கேடியா' என்பர். அக்கறை அற்றுப்போதல் என்பது சொற்பொருள். சங்கீதத்தின் கிரேக்க மொழிபெயர்ப்பில் நண்பகற் பேய் ஒன்று கூறப்படுகிறது. சலிப்புக்கு ஏவாக்கிரியுஸ் அப்பெயரையே இட்டார். மற்றைப் பேய்கள் இருளில் வருவன. இதுவோ காலை பத்து மணிக்கு வந்து பிற்பகல் இரண்டு மணி வரை நிற்கும் என்பது அவரது கணக்கு.

அது வரும் விதத்தை அவர் கண்டு எழுதியிருக்கும் நுட்பம் வியப்புக்குரியது. முதலிற் சூரியன் நகர மறுக்கிறது. பகலுக்கு ஐம்பது மணி நேரம் உண்டோ என்று தோன்றுகிறது. துறவி சாளரத்தை நோக்குகிறான். வெளியே வந்து, உணவு வேளைக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று வெயிலைப் பார்க்கிறான். சகோதரர் எவரேனும் வருகின்றனரோ எனச் சுற்றுமுற்றும் நோக்குகிறான். பின்னர் இருக்கும் இடத்தின் மீது வெறுப்பு. செய்யும் தொழிலின் மீது வெறுப்பு. இங்கே அன்பு அற்றுவிட்டது, தேற்றுவார் இல்லை என்ற எண்ணம். அண்மையில் எவரேனும் அவனை நோகச் செய்திருந்தால் அதுவும் அப்பொழுது பெரிதாகத் தோன்றும். வேறோர் ஊரில் இதனினும் எளிதாகப் பிழைக்கலாமே என்று தோன்றும். இவற்றின் பின்னரே மிக்க சாதுரியமான எண்ணம் வருகிறது: கடவுளை எங்கிருந்தும் வழிபடலாம் அன்றோ? அது வேதம் ஒப்பும் உண்மை. அவ்வுண்மையைக் கொண்டே சலிப்பு அவனை வாயில் வரை அழைத்து வந்துவிடுகிறது. கடைசியாகப் பெற்றோரின் நினைவு, பழைய வாழ்வின் நினைவு, இனி வாழவேண்டிய நெடுங்காலத்தின் பாரம்.

இதனைச் சோம்பல் என்று மொழிபெயர்ப்பது போதாது. திருக்குறளின் மடியின்மை அதிகாரம் கூறும் மடி, முயற்சியைக் கெடுத்துக் குடியைத் தாழ்த்துவது. சலிப்புற்ற துறவியோ சும்மா இருப்பதில்லை. நோயாளியைப் பார்க்கப் போகிறான், உறவினருக்கு உதவப் போகிறான், எங்கேனும் போய்க்கொண்டேயிருக்கிறான். தான் இருக்க வேண்டிய ஓரிடத்தில் மட்டும் அவனால் இருக்க முடிவதில்லை. விசுவாசம் பொய் என்று இந்தச் சோதனை ஒருநாளும் வாதிடுவதில்லை. விசுவாசத்துக்குச் சுவை இல்லை என்று மட்டும் சொல்கிறது. வாதுக்கு எதிர்வாது உண்டு. சுவையின்மைக்கு என்ன மறுமொழி கூறுவது?

மறுமொழிகளை ஏவாக்கிரியுஸ் தேடித் தொகுத்தார். வனாந்தரத்தில் இயேசு மூன்று சோதனைகளுக்கும் உபாகம நூலின் சொற்களாலேயே விடையளித்தார் என்பதை முன்மாதிரியாகக் கொண்டு, எட்டு எண்ணங்களுக்கும் எட்டுப் பகுதிகளாக ஒரு கைந்நூல் எழுதினார். இன்ன நினைவு வந்தால் இன்ன வேத வசனத்தைச் சொல் என்று ஒவ்வொன்றும் இரண்டொரு வரியில் அமைந்தது. நீண்ட விசாரத்தில் இறங்கினால் எண்ணம் வெல்லும். சுருங்கிய சொல்லால் எதிர்த்துவிட்டு வேலையைத் தொடர வேண்டும். சலிப்பு மிகும் வேளையில் ஆன்மாவை இரண்டாகப் பிரித்து, தேற்றும் பாதி தேற்றப்படும் பாதியோடு பேசட்டும் என்பதும் அவர் கூறிய வழி. எல்லாவற்றுக்கும் மேலாக, அறையை விட்டு வெளியேறலாகாது. அந்தப் பேயை நின்று தாங்கியவனை வேறொரு பேய் உடனே தொடர்வதில்லை, ஆழ்ந்த அமைதியும் மகிழ்ச்சியுமே தொடரும் என்று அவர் உறுதி கூறுகிறார்.

இச்சோதனைக்குத் துறவிகளின் தந்தை எனப்படும் புனித அந்தோனியாரும் தப்பவில்லை. அவரைப் பற்றிய முதுமொழித் தொகுப்பின் முதற் செய்தியே இதுதான். சலிப்புற்று, மீட்படைய விரும்புகிறேன், எண்ணங்கள் விடுவதில்லையே என்று அவர் கடவுளிடம் முறையிட்டார். வெளியே வந்தபொழுது தம்மைப் போன்ற ஒருவர் இருந்து வேலை செய்வதும், எழுந்து செபிப்பதும், மீண்டும் இருந்து கயிறு பின்னுவதும், மீண்டும் எழுந்து செபிப்பதுமாக இருக்கக் கண்டார். அவர் கடவுள் அனுப்பிய தூதர். இவ்வாறே செய், மீட்படைவாய் என்பதற்கு மேல் அவர் எதுவும் கூறவில்லை. பேருண்மை ஒன்றை எதிர்பார்த்தவர்க்கு ஏமாற்றமாகவே இருந்திருக்கும். அப்பா பவுல் என்ற வேறொரு துறவியின் குகை சந்தையிலிருந்து ஏழுநாட் பயணத் தூரத்தில் இருந்தது. அவர் பின்னியதை விற்க வழியில்லை. கொண்டு செல்லும் கூலிக்கே காணாது. ஆயினும் நாள்தோறும் தமக்கு விதித்துக்கொண்ட அளவு ஓலை பின்னினார். ஆண்டு முடிவிற் குகை நிறைந்ததும் அனைத்தையும் எரித்துவிட்டு மீண்டும் தொடங்கினார்.

இச்செய்தியை எழுதி வைத்தவர் யோவான் கசியான். எகிப்தில் நெடுங்காலம் தங்கி, பின் பிரான்சு நாட்டின் மார்செய் நகரில் மடங்கள் நிறுவியவர். இடத்தை விட்டு அசையாமை மட்டும் போதுமா என்ற கேள்விக்கும் அவர் நூலில் விடை உண்டு; அது கடுமையான விடை. எரோன் என்ற முதியவர் ஐம்பதாண்டு பாலைவனத்தில் வாழ்ந்தார். அவரைப் போல நோன்பு காத்தவர் எவருமிலர். உயிர்ப்புத் திருநாளிலும் சகோதரருடன் உணவருந்த வருவதில்லை. சிறிது பயறு உண்டாலும் விரதம் தளர்ந்ததாகிவிடும் என்ற அச்சம். எவரிடமும் ஆலோசனை கேளாத அவருக்கு, ஒளியின் தூதன் வடிவில் ஒரு தோற்றம் வந்தது. உன் புண்ணியத்தால் உனக்கு எத்தீங்கும் நேராது, சோதித்துப்பார் என்றது. நள்ளிரவில் ஆழ்கிணற்றிற் குதித்தார். சகோதரர் பெரும்பாடுபட்டு வெளியே எடுத்தனர். மூன்றாம் நாள் இறந்தார். தாம் ஏமாற்றப்பட்டதை இறக்கும்வரை அவர் ஒப்பவில்லை என்பதே எல்லோரையும் வருத்திய செய்தி. தேவாலய உச்சியிலிருந்து குதி என்று இயேசுவுக்கு வந்த சோதனைதான் அது. அன்று மறுக்கப்பட்ட சொல்லை, ஐம்பதாண்டு தவம் செய்தவர் அடையாளங்காணவில்லை. தனியே நின்று தன்னைத்தானே அளப்பவனுக்குப் பக்தியே கண்ணியாகிறது.

ஆகவே, எண்ணத்தை முதியவர் ஒருவரிடம் வெளியிடல் வேண்டும் என்பது பாலைவனத்தின் தலையாய விதியாயிற்று. ஆனால் எந்த முதியவரிடம்? நரை அறிவுக்குச் சான்றாகாது என்பதையும் கசியான் மறைக்கவில்லை. காம நினைவுகளால் வருந்திய இளந்துறவி ஒருவன் ஒரு கிழவரிடம் சென்று சொன்னான். நீ துறவி என்ற பெயருக்கே தகாதவன் என்று அவர் சீறினார். அவன் நம்பிக்கை இழந்து, உலக வாழ்வுக்குத் திரும்பப் புறப்பட்டான். வழியிற் கண்ட அப்பா அப்பொல்லோ, அவன் முகக்குறியை உணர்ந்து காரணம் கேட்டறிந்தார். இந்த வயதிலும் இந்நினைவுகள் என்னையும் வருத்துகின்றன, ஒருநாள் மட்டும் பொறு என்று தேற்றி அவனை அறைக்கு அனுப்பினார். பின்னர் கிழவரின் குடிசைக்கு அருகே நின்று, இவனது போர் அவருக்கு மாறட்டும் என மன்றாடினார். சற்றுப் பொழுதிற் கிழவர் பித்தரைப் போல வெளியே வந்து, இளைஞன் சென்ற அதே வழியில் ஓடினார். அப்பொல்லோ அவரை மறித்து, இதுவரை சோதனையை அறியாதிருந்தீர், ஆகவே வீழ்ந்தவனைத் தூக்க அறிந்திலீர் என்று எடுத்துரைத்து, அவருக்காகவும் செபித்தார்.

பாப்பரசர் முதலாம் கிரகோரி (590–604) எட்டு எண்ணங்களை ஏழாக்கினார். அகந்தையை அனைத்துக்கும் வேராக்கி, பொறாமையைப் புதிதாகச் சேர்த்து, சலிப்பைத் துயரத்துள் அடக்கினார். பிற்காலத்தில் அதே இடத்திற் சோம்பல் என்ற பெயர் நிலைத்தது. பட்டியல் மனனஞ் செய்ய எளிதாயிற்று. நண்பகலில் வருவதன் நுட்பமான முகமோ மங்கிவிட்டது. ஆயினும் ஆறாம் நூற்றாண்டிற் புனித ஆசீர்வாதப்பர் எழுதிய மடத்து ஒழுங்கில் அதன் சுவடு உண்டு. மாலையிற் சகோதரர் கூடியிருக்கையிற் கசியானின் நூலை வாசிக்கலாம் என்று அவர் விதித்தார். வேத வாசிப்புக்குரிய வேளைகளில் முதியவர் ஒருவரோ இருவரோ மடத்தைச் சுற்றி வந்து, வாசிப்பிற் கருத்தின்றிச் சலிப்புற்றிருக்கும் சகோதரன் எவனேனும் உளனோ எனப் பார்த்து வரவேண்டும் என்றும் விதித்தார்.