கடைக் கணினியும் கல்லாப்பெட்டிதான்



நமது மஹல்லாவில் மளிகை, ஜவுளி, டிராவல்ஸ் என்று கடை நடத்துவோரும், வீட்டிலிருந்தே தையல், பிரியாணி ஆர்டர் என்று தொழில் செய்வோரும் பலர். சரக்குக்குப் பணம் அனுப்புவது, ஜிஎஸ்டி கட்டுவது, ஆட்களுக்குச் சம்பளம் போடுவது எல்லாம் இன்று கணினி வழியாகவே நடக்கின்றன. கல்லாப்பெட்டியின் சாவியை யாரும் மேசைமேல் போட்டுவிட்டுப் போவதில்லை. ஆனால் பல கடைகளில், வங்கி வேலை நடக்கும் அதே கணினியில்தான் பிள்ளைகள் விளையாட்டை இறக்குகிறார்கள், வேலையாட்கள் படம் பார்க்கிறார்கள். திருடனுக்கு வழி கிடைப்பது அங்கேதான்.

திருட்டு எப்படி நடக்கிறது?

கணக்கு எழுதும் மென்பொருளைக் காசில்லாமல் 'கிராக்' செய்து போட்டுத் தருவதாகச் சிலர் சொல்வார்கள். அதை நிறுவும்போது ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். காவலாளியை வெளியே அனுப்பிவிட்டு அந்நியரை உள்ளே விடுவதற்குச் சமம் அது. அப்படி நுழையும் கள்ள மென்பொருள், நாம் தட்டும் ஒவ்வோர் எழுத்தையும் வெளியே அனுப்பலாம். பிரவுசரில் சேமித்துள்ள பாஸ்வேர்டுகளை மொத்தமாக அள்ளிக்கொண்டு போகலாம். திரையில் எந்த மாற்றமும் தெரியாது. 'ஜிஎஸ்டி நோட்டீஸ்', 'கூரியர் பில்' என்ற பெயரில் மின்னஞ்சலில் வரும் கோப்புகளுக்குள்ளும் இது ஒளிந்திருக்கலாம்.

கணினியில் செய்ய வேண்டியவை

முடிந்தால் வங்கி வேலைக்கென்றே ஒரு கணினியை ஒதுக்குங்கள். முடியாதவர்கள், மற்றவர்கள் பயன்படுத்துவதற்கு அட்மின் உரிமை இல்லாத தனி யூசர் கணக்கு ஒன்றைத் தொடங்கிக் கொடுங்கள். பல மென்பொருள்களை உங்கள் அனுமதியில்லாமல் அவர்களால் நிறுவ முடியாது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. பழைய கணினி வைத்திருப்போர் இதைக் கவனிக்க வேண்டும்.

வங்கிப் பாஸ்வேர்டைப் பிரவுசரில் சேமிக்காதீர்கள். வேறெந்தத் தளத்துக்கும் அதே பாஸ்வேர்டை வைக்காதீர்கள். ஜெராக்ஸ் கடை, பிரவுசிங் சென்டர் கணினிகளில் வங்கிக் கணக்கைத் திறக்கவே வேண்டாம்.

ஜமாஅத், மதரஸா கணக்குகளைப் பார்க்கும் பொருளாளர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அது ஊராரின் அமானிதம். ஒருவர் பதிவு செய்ய, மற்றொருவர் ஒப்புதல் தந்தால்தான் பணம் போகும் என்ற ஏற்பாட்டை வங்கியில் கேட்டுப் பெறுங்கள்.

வங்கித் தளத்துக்குள் போகும்போது

குறுஞ்செய்தியிலோ வாட்ஸ்அப்பிலோ வந்த லிங்கைத் தொட்டு உள்ளே போகாதீர்கள். முகவரியை நீங்களே தட்டுங்கள். இந்திய வங்கிகள் தங்கள் தளங்களை 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு 2025 அக்டோபர் 31-க்குள் மாற்ற வேண்டும் என ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. முகவரி அப்படி முடிகிறதா என்று பாருங்கள். பூட்டுப் படம் இருப்பதை மட்டும் வைத்து நம்ப வேண்டாம். போலித் தளங்களிலும் அது இருக்கும்.

'வங்கியிலிருந்து பேசுகிறோம், கேஒய்சி முடியப் போகிறது' என்று சொல்லி எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவற்றை நிறுவச் சொன்னால் உடனே தொடர்பைத் துண்டியுங்கள். அவற்றை நிறுவி அனுமதி கொடுத்தால், உங்கள் திரையை எங்கோ இருப்பவர் பார்க்கவும் இயக்கவும் முடியும். வங்கியின் எண் வேண்டுமானால் கூகுளில் தேடாமல், பாஸ்புக்கிலோ ஏடிஎம் கார்டின் பின்புறத்திலோ பாருங்கள்.

'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் போடுங்கள்' என்று சரக்கு அனுப்புபவர் பெயரில் மின்னஞ்சல் வந்தால், பழைய எண்ணில் அவரைக் கூப்பிட்டு, குரலைக் கேட்டு உறுதி செய்யுங்கள். நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் வழியாக அனுப்பும் முன், பெறுபவரின் பெயரைச் சரிபார்க்கும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் வங்கிகள் தர வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி கூறியிருந்தது. திரையில் தெரியும் பெயர் வேறாக இருந்தால் பணத்தை அனுப்பாதீர்கள்.

பணம் போய்விட்டால்

முதல் வேலை, 1930 என்ற எண்ணுக்கு அழைப்பது. இது சைபர் பண மோசடிக்கான தேசிய உதவி எண். திருடிய பணத்தை அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாற்றி வெளியே எடுத்துவிடுவார்கள். அதற்குள் புகார் பதிவானால், பணம் இருக்கும் கணக்கிலேயே அதை முடக்க வாய்ப்புண்டு. அடுத்து வங்கிக்குச் சொல்லிக் கணக்கை முடக்குங்கள். புகார் எண்ணை வாங்கி வையுங்கள். கணினியின் இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, பாஸ்வேர்டை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள்.

ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை இதில் நமக்குள்ள உரிமையை இப்படி வகுத்தது. வங்கியிடமும் குறையில்லை, நம்மிடமும் குறையில்லை, வேறெங்கோ நடந்த கோளாறு என்றால், வங்கியின் தகவல் கிடைத்து மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு நஷ்டப் பொறுப்பு கிடையாது. நான்கு முதல் ஏழு வேலை நாட்கள் என்றால், சாதாரண சேமிப்புக் கணக்கில் ஒரு பரிவர்த்தனைக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை நாம் ஏற்க வேண்டிவரும். ஓ.டி.பி.யையோ பாஸ்வேர்டையோ நாமே கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் நம் நஷ்டம். தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கியே பொறுப்பு. அதனால், தவறு நம்முடையதாக இருந்தாலும் உடனே சொல்வதே லாபம்.

ஏமாந்ததை வீட்டில் சொல்ல வெட்கப்பட்டு இரண்டு நாள் மறைத்து வைப்பவர்கள் உண்டு. திருடனுக்குத் தேவைப்படுவது அந்த இரண்டு நாள்தான். ஏமாற்றியவன்தான் வெட்கப்பட வேண்டும். வீட்டில் ஒருவர் வந்து சொன்னால், கோபப்படும் முன் 1930-ஐ அழையுங்கள். அந்த எண்ணை இன்றே பெரிதாக எழுதிக் கணினிக்குப் பக்கத்தில் ஒட்டி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.