நீர் ஏறும் நேரம் பார்த்துப் போங்கள்

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்லலாம் என்று நமது கலந்துரையாடல் அரங்கில் பேச்சு எழும்போதெல்லாம் சுங்கை பூலோவின் பெயர் வந்துவிடும். கூடவே ஒரு குறையும் வரும். "போனோம், வேர்த்துக் கொட்டியது, கொசு கடித்தது, ஒரு உடும்பைப் பார்த்தோம், திரும்பிவிட்டோம்" என்பார் ஒருவர். பக்கத்தில் இருப்பவர், "நாங்கள் போனபோது நூற்றுக்கணக்கில் பறவைகள் இருந்தனவே" என்பார். இருவர் சொல்வதும் உண்மைதான். இருவரும் ஒரே வாரத்தில் போனவர்களாகக்கூட இருக்கலாம். கடல்நீர் ஏறியிருந்ததா, வற்றியிருந்ததா என்பதில்தான் வித்தியாசம். ஆகவே இந்த வாரம் அதைப் பற்றியே கொஞ்சம் விளக்கமாகப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் மலேசிய வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. சிலாங்கூரில் இருக்கும் சுங்கை பூலோ வேறு. இது சிங்கப்பூரின் வடமேற்கு மூலையில், ஜொகூர் நீரிணையைப் பார்த்தபடி இருக்கும் சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகம். மலாயில் 'பூலோ' என்றால் மூங்கில். மூங்கில் ஆறு என்று பெயர் இருந்தாலும், இன்று அங்கே நம் கண்ணில் படுவது வேரை வெளியே நீட்டிக்கொண்டு சேற்றில் நிற்கும் பக்காவ் மரங்கள்தான்.

இந்த இடம் ஆதிகாலக் காடு என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இது இறால் வளர்த்த இடம். பழைய முறை இறால் குளம் எப்படி வேலை செய்தது என்பதைத் தெரிந்துகொண்டால், இன்று பறவைகள் ஏன் அங்கே வருகின்றன என்பதும் விளங்கும். கரையோரச் சேற்றில் வரப்புக் கட்டிக் குளமாக்குவார்கள். வரப்பில் மரப்பலகையால் ஒரு மதகு இருக்கும். கடல்நீர் ஏறும்போது மதகைத் திறப்பார்கள். நீரோடு இறால் குஞ்சும் மீன் குஞ்சும் உள்ளே வரும். பிறகு மதகை மூடிவிடுவார்கள். குஞ்சுகள் வளர்ந்ததும், வெளியே கடல் வற்றியிருக்கும் நேரம் பார்த்து, மதகு வாயில் வலையைக் கட்டித் திறந்துவிடுவார்கள். வேண்டியது வலையில் சிக்கும். தீவனச் செலவு அதிகம் இல்லாத பிழைப்பு அது.

1986ஆம் ஆண்டு, அன்றைய மலாயா இயற்கைச் சங்கத்தின் சிங்கப்பூர்க் கிளையைச் சேர்ந்த பறவை ஆர்வலர்கள் இந்தக் குளங்களில் வலசைப் பறவைகள் ஏராளமாகத் தங்குவதைக் கண்டார்கள். அந்த வட்டாரத்தையோ வேளாண் தொழில்நுட்பப் பூங்காவாக மாற்றும் எண்ணம் இருந்தது. சங்கத்தார் பறவைகளை எண்ணிப் பட்டியலிட்டு, இடத்தைக் காக்கவேண்டும் என்று அரசாங்கத்திடம் ஒரு திட்டத்தைக் கொடுத்தார்கள். 1989ல் 87 ஹெக்டர் நிலம் இயற்கைப் பூங்காவுக்கென ஒதுக்கப்பட்டது. அப்போது தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்தவர் திரு எஸ். தனபாலன் என்பதை நம்மில் மூத்தவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். 1993 டிசம்பர் 6ஆம் தேதி அன்றைய பிரதமர் திரு கோ சோக் தோங் பூங்காவைத் திறந்துவைத்தார். 2002ல் அது சட்டப் பாதுகாப்புள்ள இயற்கைக் காப்பகமாகி 130 ஹெக்டராக வளர்ந்தது. 2003ல் ஆசியான் மரபுடைமைப் பூங்கா என்ற தகுதி கிடைத்தது. சிங்கப்பூரில் அந்தத் தகுதியைப் பெற்ற முதல் இடம் இதுவே. 2014ல் கிராஞ்சிப் பக்கம் விரிவாக்கப்பட்டபோது பரப்பளவு 202 ஹெக்டராயிற்று.

ஒன்றைக் கவனியுங்கள். நாலு பேர் அங்கே போய்ப் பார்த்து, எண்ணி, எழுதி வைத்ததால்தான் அந்த இடம் தப்பியது. யாருமே போகாத இடத்துக்காக யார் பேசுவார்கள்? "அங்கே ஒன்றுமே இல்லை" என்று சொல்லிக்கொண்டு வீடு திரும்பும் ஒவ்வொரு குடும்பமும் எனக்குக் கவலை தருவது இதனால்தான்.

இப்போது கடலுக்கு வருவோம். ஜொகூர் நீரிணையில் ஒரு நாளில் பொதுவாக இருமுறை நீர் ஏறும், இருமுறை வற்றும். மலாயில் 'ஆயர் பாசாங்', 'ஆயர் சூருட்' என்று நம் வீட்டுப் பெரியவர்கள்கூடச் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். இந்த நேரம் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை 9 மணிக்கு உச்சத்துக்கு ஏறினால், நாளை ஏறக்குறைய 10 மணிக்கு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். வீட்டில் தமிழ் நாள்காட்டி வைத்திருப்பவர்களுக்கு இது ஒரு வசதி. துல்லியமான நேரத்துக்கு ஏற்றவற்ற அட்டவணை இணையத்தில் கிடைக்கிறது. பேருந்து நேரத்தைப் பார்க்கும் முன் அதைப் பாருங்கள்.

ஏன் இது முக்கியம்? வடக்கிலிருந்து வரும் கரைப்பறவைகளுக்கு ஈரச் சேறுதான் சாப்பாட்டுத் தட்டு. நீர் வற்றியதும் மண்டாய் பகுதியில் விரிந்து கிடக்கும் சேற்றுவெளிக்குப் போய், புழு, நண்டு, சிறு கிளிஞ்சல் என்று கொத்தித் தின்னும். நீர் ஏறியதும் அந்தச் சேறு மூழ்கிவிடும். இந்தப் பறவைகளுக்கு வாத்தைப்போல் நீரில் மிதந்துகொண்டிருக்கும் பழக்கம் இல்லை. காலூன்றி நிற்க இடம் வேண்டும். அப்போதுதான் அவை கூட்டமாகப் பறந்து சுங்கை பூலோவின் பழைய இறால் குளங்களுக்கு வருகின்றன. வெளியே கடல் நிறைந்திருக்கும்போது குளத்தில் மட்டும் எப்படிச் சேறு தெரியும்? அந்த மதகுதான் காரணம். அன்று இறாலுக்காகத் திறந்து மூடியதை இன்று பூங்கா ஊழியர்கள் பறவைக்காகத் திறந்து மூடுகிறார்கள். குளத்தின் நீரைத் தாழ்த்தி வைத்து, சேற்றுத் திட்டுகளை வெளியே தெரியும்படி விடுகிறார்கள். இயற்கை என்றால் நாம் கையை வைக்காமல் விடுவது என்று நினைப்பவர்கள் இந்த மதகுகளை ஒருமுறை பார்க்கவேண்டும்.

ஆகவே, பறவை பார்க்கப் போகிறவர்கள் நீர் உச்சத்துக்கு ஏறும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே குளக்கரை மறைவிடத்தில் போய் உட்கார்ந்துவிட வேண்டும். காலை 9 மணி முதல் 11 மணிக்குள் நீர் ஏறும் நாளாகத் தேர்ந்தெடுத்தால் வெயிலும் தொந்தரவு செய்யாது. மாதமும் முக்கியம். செப்டம்பர் முதல் மார்ச் வரைதான் வலசைக் காலம். ஜூன் விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துப் போய்விட்டு ஏமாந்தோம் என்று சொல்வதில் நியாயமில்லை. அந்தப் பறவைகள் அப்போது பல்லாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் குஞ்சு பொரித்துக்கொண்டிருக்கும். ஆண்டிறுதி விடுமுறைதான் சரியான காலம்.

வந்திருப்பவை யார் யார்? சிவந்த கால்களைக் கொண்ட பவளக்காலி, அதன் உறவான பச்சைக்காலி, உருண்டைத் தலையும் பெரிய கண்ணுமாக நிற்கும் பொன்னிற உப்புக்கொத்தி, கீழ்நோக்கி வளைந்த நீண்ட அலகுடைய விம்பரல். இந்தப் பவளக்காலியைப் பற்றி ஒரு செய்தி. சிங்கப்பூரில் குளிர்காலத்தைக் கழிக்கும் பறவைகளின் உடலில் சிறு கருவிகளைப் பொருத்திக் கண்காணித்த ஆய்வு 2020ல் வெளியானது. பவளக்காலிகள் இமயமலையை நேரே தாண்டித் திபெத்தியப் பீடபூமிக்குப் போயிருக்கின்றன. விம்பரல் அதையும் கடந்து ரஷ்யா வரை போயிருக்கிறது. நாம் கையில் சோளப்பொரியோடு பார்த்துக்கொண்டிருக்கும் அந்தச் சின்னப் பறவை, பனிமலைக்கு மேலே பறந்து வந்தது என்று பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள். அப்புறம் அவர்கள் கைத்தொலைபேசியைத் தேடமாட்டார்கள்.

மற்ற பல பறவைகள் கிழக்காசியக் கடலோரமாக, சீனாவுக்கும் கொரியாவுக்கும் நடுவே உள்ள மஞ்சள் கடலில் இறங்கி இளைப்பாறிப் போகின்றன. அங்கேதான் பெரிய அடி விழுந்தது. ஐம்பது ஆண்டுகளில் மஞ்சள் கடலின் சேற்றுவெளிகளில் 65 விழுக்காடு வரை அழிந்துவிட்டதாக 2014ல் வெளியான ஆய்வு கூறியது. கடலைத் தூர்த்து நிலமாக்கியது முக்கியக் காரணம். பின்னர் சீனா 2018ல் கரையோர நிலமீட்பைப் பெருமளவு கட்டுப்படுத்தியது. 2019ல் அந்தக் கடலோரத்தின் ஒரு பகுதி உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தது. நம் பக்கத்தில், மண்டாய் சேற்றுவெளியை இயற்கைப் பூங்காவாகக் காக்கப்போவதாக 2018ல் அறிவித்தார்கள். இது மிகவும் சரியான முடிவு என்பது என் கருத்து. படுக்கையறையை மட்டும் காத்துவிட்டு, சமையலறையை இடித்தால் வீட்டில் யார் இருப்பார்கள்?

சரி, உங்களுக்குக் கிடைத்த ஒரே விடுமுறை நாளில் நீர் வற்றியிருக்கிறது. போகாமல் இருக்கவேண்டுமா? வேண்டாம்; பார்க்கும் இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். குளத்தை விட்டுவிட்டு, சதுப்புநிலக் காட்டுக்குள் போகும் மரப்பலகை நடைபாதைக்குப் போங்கள். குனிந்து சேற்றைப் பாருங்கள். பெலாச்சாக் எனப்படும் சேற்று மீன் துடுப்பை ஊன்றித் தாவிக்கொண்டிருக்கும். செவுள் அறையில் நீரைத் தேக்கி வைத்துக்கொண்டும், ஈரமான தோலாலும் மூச்சுவிட்டுக்கொண்டும் அது கரையில் உலவுகிறது. மரத்தடியில் பானை கவிழ்த்ததுபோல் மண்மேடுகள் தெரியும். அது சேற்றிறால் இரவில் தோண்டிக் குவித்தது. சிறுவர்களுக்குப் பறவைகளைவிட இதுதான் பிடிக்கிறது என்பதை அரங்கில் பல பெற்றோர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

முதலை இருக்கிறதாமே என்று கேட்பீர்கள். இருக்கிறது, உவர்நீர் முதலை. நீர் வற்றியிருக்கும்போது ஆற்றங்கரைச் சேற்றில் படுத்துக் கிடப்பதைப் பெரிய பாலத்திலிருந்து பார்க்க முடியும். ஆனால் முதலை என்று கூச்சலிட்டு நாம் காட்டுவது பெரும்பாலும் உடும்பாகத்தான் இருக்கும். பிளவுபட்ட நாக்கை நீட்டி நீட்டி இழுத்தால் அது உடும்பு. முதலை நாக்கை நீட்டாது. இரண்டுக்கும் விதி ஒன்றுதான்: பாதையை விட்டு இறங்காதீர்கள், வழியில் கிடந்தால் சுற்றிப் போக முயலாமல் பின்வாங்கிப் பூங்கா ஊழியரிடம் சொல்லுங்கள்.

நம்மவர்களிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. காக்கைக்குச் சோறு வைத்துச் சாப்பிட்டுப் பழகியவர்கள் நாம். அந்த நினைப்பில் பாட்டிமார்கள் ரொட்டித் துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு வருவார்கள். பாட்டி, தயவுசெய்து வேண்டாம். வனவிலங்குகளுக்கு உணவளிப்பது சிங்கப்பூரில் சட்டப்படி குற்றம். 2020ல் கடுமையாக்கப்பட்ட சட்டத்தின்படி முதல்முறை பிடிபட்டாலே 5,000 வெள்ளி வரை அபராதம்.

சத்தமும் அதேபோலத்தான். நீர் ஏறியிருக்கும் நேரத்தில் குளத்தில் நிற்கும் பறவை சும்மா நிற்கவில்லை. அடுத்த பயணத்துக்காகத் தின்றதைக் கொழுப்பாகச் சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறது. கிளம்புவதற்குமுன் தம் எடையை ஏறக்குறைய இருமடங்காக்கும் இனங்களும் உண்டு. நாம் கைதட்டி ஒருமுறை கிளப்பிவிட்டால், படம் நன்றாக வரும். அதற்கான கொழுப்பை எரித்தது அந்தப் பறவை. வேறு இடம் தேடிப் போகலாம் என்றாலும், கடல் வற்றும்வரை அதற்குப் போக்கிடம் இல்லை.

போகும் விவரம் சுருக்கமாக: கிராஞ்சி பெருவிரைவு ரயில் நிலையத்திலிருந்து 925 எண் பேருந்து. காப்பகம் காலை 7 மணி முதல் இரவு 7 மணி வரை திறந்திருக்கும். நுழைவுக் கட்டணம் கிடையாது. பளிச்சென்ற சட்டை வேண்டாம். கைநீளச் சட்டை, தொப்பி, கொசு மருந்து, தண்ணீர் போதும். பைனாகுலர் வாங்குவதாக இருந்தால் எட்டு மடங்கு பெரிதாகக் காட்டுவது போதுமானது. அதற்கு மேல் போனால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும்.

கடைசியாக, டிசம்பரில் ஒருமுறை போனவர்கள் மார்ச் மாத இறுதியில் இன்னொருமுறை போய்ப் பாருங்கள். பழுப்பாக நின்ற பொன்னிற உப்புக்கொத்திகளில் சில, முதுகெல்லாம் பொற்புள்ளியும் வயிறு கறுப்புமாக உடை மாற்றத் தொடங்கியிருக்கும். இன்னும் சில வாரங்களில் அவை வடக்கே கிளம்பிவிடும்.