98 சதவீதமா, 93 சதவீதமா?

செப்டம்பர் 26 உலகக் கருத்தடை நாள். அது நெருங்க நெருங்க ரீல்ஸ் பெருகுகின்றன. குழம்பிப்போய் எழுதும் வாசகர்களும்தான். பல கடிதங்களில் ஒரே கேள்வி: 'கருத்தடைச் செயலி ஒன்றுக்கு ரீல்ஸில் 98 சதவீதம் பாதுகாப்பு என்கிறார்கள், டாக்டரம்மா 93 என்கிறார். யார் சொல்வது பொய்?'

இரண்டுமே உண்மை. வில்லங்கம் அதில்தான்.

ஒவ்வொரு கருத்தடை முறைக்கும் இரண்டு எண்கள் உண்டு. ஒருமுறைகூடப் பிசகாமல் பயன்படுத்தினால் ஒன்று. மறதி, அவசரம், ஊருக்குப் போன இடத்தில் தீர்ந்துபோன மாத்திரை அட்டை எல்லாம் சேர்ந்தால் இன்னொன்று. ஆணுறைக்கு 98, 87. தினசரி மாத்திரைக்கு 99-க்கு மேல், 93. விற்க வந்தவர் தன் சரக்குக்கு முதல் எண்ணைச் சொல்வார், போட்டிச் சரக்குக்கு இரண்டாவதை. பொய்யே சொல்லாமல் ஏமாற்றும் சாமர்த்தியம் இது.

வாசகர்கள் கேட்ட செயலி, காலை உடல் வெப்பத்தை வைத்துக் கருத்தரிக்கும் நாட்களைக் கணிக்கும் சுவீடனின் நேச்சுரல் சைக்கிள்ஸ். 2018 ஆகஸ்டில் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அதைக் கருத்தடைச் சாதனமாக அனுமதித்தது. அதே மாதம் பிரிட்டனின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு, 'மிகத் துல்லியமானது' என்ற அதன் ஃபேஸ்புக் விளம்பரம் மக்களைத் திசைதிருப்புகிறது என்று தீர்ப்பளித்தது. நடைமுறையில் ஆண்டுக்கு 100 பேரில் ஆறேழு பேர் கருத்தரிக்கிறார்கள் என்பது எஃப்.டி.ஏ. சொன்ன கணக்கே, டாக்டரம்மாவின் 93 அதுதான். 'அரசு அனுமதி பெற்றது' என்றால், இந்த ஆறேழு பேரைத் தெரிந்தே அனுமதித்தார்கள் என்று படித்துக்கொள்ளுங்கள்.

'ஆண்டுக்கு' என்ற சொல்லும் ரீல்ஸில் காணாமல் போகிறது. 93 சதவீதம் என்பது 12 மாதக் கணக்கு. அதே வேகம் நீடித்தால் 5 ஆண்டுகளில் 100-ல் 30 பேர் கர்ப்பம்.

நம் அரசும் சளைத்ததில்லை. 'விருப்பப்படி தேர்ந்தெடுங்கள்' என்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், மணமான தம்பதிகளில் கருத்தடை அறுவையை மனைவி செய்துகொண்டது 37.9 சதவீதம், கணவர் செய்துகொண்டது 0.3. விருப்பம் யாருடையது?

மற்ற கேள்விகள்.

அவசர மாத்திரை கருக்கலைப்பு மாத்திரையா? இல்லை. உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

மாத்திரை மலடாக்குமா? ஆக்காது.

ஊசி? நிறுத்திய பிறகு கருத்தரிக்கச் சில மாதங்கள் தாமதமாகலாம்.

ஆண் அறுவை உடனே பலிக்குமா? மூன்று மாதம் ஆணுறை வேண்டும்.

பப்பாளி? பழம் சாப்பிடுங்கள், கருத்தடைக்கு நம்பாதீர்கள்.

எனக்கு எது சரி? அரசு மருத்துவமனையில் கேளுங்கள். மாத்திரை, ஊசி, காப்பர்-டி மூன்றும் அங்கே இலவசம்.