பெயருக்குப் பின்னால் நாலு எழுத்து

1784 ஜனவரியில் கல்கத்தாவில் ஆசியவியல் கழகத்தைத் தொடங்கிய வில்லியம் ஜோன்ஸ், சேருவோருக்குப் பெரிய தகுதி எதையும் கேட்கவில்லை. அறிவின்மேல் ஆசை இருந்தால் போதும் என்றார். உள்ளூர்ப் பண்டிதர்களைச் சேர்ப்பதா என்பதை மட்டும் பிறகு முடிவு செய்துகொள்ளலாம் என்று ஒத்திவைத்தார். அந்தப் 'பிறகு' வருவதற்கு 45 ஆண்டுகள் ஆயின. 1829-இல்தான் இந்தியர்களுக்குக் கதவு திறந்தது. அதுவரை ஏட்டைப் பிரித்துப் பொருள் சொன்னது யார் என்று கேட்டுப் பாருங்கள்.

கதவு திறந்த பிறகும் கதை அதேதான். மெக்கன்சி சுவடிகள் என்று நாம் கொண்டாடும் தொகுப்பை, கம்பெனி அதிகாரியான மெக்கன்சிக்காக ஊர் ஊராக அலைந்து சேர்த்தவர்கள் காவலி சகோதரர்களும் அவர்களுடைய ஆட்களும். 1821-இல் மெக்கன்சி இறந்தார். விட்ட வேலையைத் தொடர அனுமதி கேட்டார் காவலி வெங்கட லட்சுமய்யா. அரசு கல்கத்தா கழகத்திடம் கருத்துக் கேட்டது. இது எந்த இந்தியராலும் ஆகக்கூடிய காரியமில்லை என்று 1836-இல் கழகத்தின் குழு எழுதியது! வேலை, சென்னையிலிருந்த ஒரு பாதிரியாருக்குப் போனது. கல்லும் ஏடும் தேடி வெயிலில் திரிந்தபோது மட்டும் தகுதி இருந்ததாம்.

1885-இல் ராஜேந்திரலால் மித்ரா அதே கழகத்துக்குத் தலைவராகவில்லையா என்பார்கள். ஆனார், கழகம் பிறந்து நூறாண்டு கழித்து.

இன்று நிறம் பார்ப்பதில்லை. பரிந்துரைக்க ஆளும் கட்டச் சந்தாவும் இருந்தால் பல கழகங்களில் ஃபெலோ ஆகிவிடலாம்; விசிட்டிங் கார்டில் பெயருக்குப் பின்னால் நாலு எழுத்து ஏறும். சந்தா இல்லாமல் நூலகம் எப்படி நடக்கும் என்ற வாதம் நியாயம்தான். என் கவலை வேறு. கிரந்தத்தையும் வட்டெழுத்தையும் தடுமாறாமல் படிப்பவர்கள் அருகிவருகிறார்கள். தஞ்சை சரசுவதி மகாலில் கட்டுக்கட்டாகக் கிடக்கும் மராத்தி மோடி எழுத்து ஆவணங்களை வாசிக்கத் தெரிந்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஏடு இருந்து என்ன, படிக்க ஆள் இல்லாவிட்டால்? படிக்கத் தெரிந்தவர்களிலும் பலர் தற்காலிக ஊதியத்தில் அட்டவணை தயாரித்துக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். முன்னுரையின் கடைசி வரியில் ஒரு நன்றி, அதுவும் பதிப்பாசிரியருக்கு மனமிருந்தால்.

கழகங்கள் ஒன்று செய்யலாம். ஆண்டுதோறும் புதிய ஃபெலோக்களைத் தேர்ந்தெடுக்கும்போது, ஏடு படிப்பவருக்கும் அட்டவணை எழுதுபவருக்கும் சில இடங்களைச் சந்தா இல்லாமல் ஒதுக்கட்டும். பரிந்துரைக் கடிதம் கேட்க வேண்டாம். ஓர் ஓலையைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னால் போதும்.