எம்சிபி இருக்கிறதே, போதாதா?

ஷவர் குழாயைத் திருகும்போது விரல் நுனியில் ஒரு சுருக். "ஈரக்கை, அதான்" என்று சமாதானம் சொல்லிக்கொண்டு மறுநாளும் அதே குழாயடியில் நிற்பவர்கள் நிறையப் பேர். கீசரை மாட்டிய எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் கேட்டால், "புது எம்சிபி போட்டிருக்கேன் சார், ஏதாவதுன்னா விழுந்துடும்" என்பார். விழாது. அந்தச் சுருக் எம்சிபிக்குத் தெரியவே தெரியாது.

எம்சிபி காப்பாற்றுவது வயரை. 16 ஆம்பியருக்கு மேல் மின்சாரம் ஓடி, வயர் சூடேறித் தீப்பிடிப்பதற்குள் இணைப்பைத் துண்டிப்பதுதான் அதன் வேலை. 2,000 வாட் கீசர் 230 வோல்ட்டில் இழுப்பது 9 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. ஓர் உயிர் போக அதில் சொற்பமே போதும். நன்றாக நனைந்த உடம்பின் மின்தடை சுமார் 1,000 ஓம் வரை இறங்கிவிடும். அப்போது 230 வோல்ட்டைத் தொட்டால் 0.23 ஆம்பியர் பாயும். ஒரு 60 வாட் குண்டு பல்பே அதைவிடச் சற்று அதிகம் இழுக்கிறது. எம்சிபி ஏன் அசைய வேண்டும்?

மனித உடல் எவ்வளவு மின்சாரம் தாங்கும் என்பதைத் தன்னார்வலர்களிடம் அளந்து பார்த்தவர், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பணியாற்றிய சார்லஸ் டால்சீல். பிடித்த கம்பியை விட முடியாமல் தசை இறுகிப்போகும் அளவு, ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5 மில்லி ஆம்பியர் என்று கண்டார். இன்னும் சில மடங்கு ஏறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகிவிடும். கசிவைக் கண்டதும் மின்சாரத்தை வெட்டும் கருவி ஒன்றை 1961இல் அவரே வடிவமைத்தார்.

சரி, கீசருக்குள் மின்சாரம் எப்படிக் கசிகிறது? நாலைந்து வருடம் போர்வெல் தண்ணீரில் கிடந்த ஹீட்டிங் எலிமெண்டைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். செப்புக் குழல் கண்ணுக்கே தெரியாதபடி சுண்ணாம்பாய் உப்பு படிந்திருக்கும். தட்டினால் செதில் செதிலாக உதிரும். அந்தக் குழலின் நடுவில் சூடாகும் கம்பி. கம்பிக்கும் குழலுக்கும் இடையே மெக்னீசியம் ஆக்சைடு பொடி. வெப்பத்தைக் கடத்தி மின்சாரத்தைத் தடுக்கும் அருமையான பொருள் அது, உலர்ந்திருக்கும் வரை. உப்புப் படிவு வெப்பத்தைத் தண்ணீருக்குப் போகவிடாமல் மறிப்பதால் குழல் அளவுக்கு மீறிச் சூடாகி, எங்காவது மயிரிழை அளவு விரிசல் விடுகிறது. தண்ணீர் உள்ளே இறங்குகிறது. முதலில் சில மில்லி ஆம்பியர், பிறகு மெல்ல மெல்லக் கூடுதலாகத் தொட்டிக்கும் தண்ணீருக்கும் கசியத் தொடங்குகிறது. சுவருக்குள் பிளாஸ்டிக் குழாய்தானே என்று நிம்மதி கொள்ள முடியாது. உள்ளே ஓடும் உப்புத் தண்ணீரும் கடத்தும்.

இந்தக் கசிவைத் தரைக்கு இறக்கிவிடத்தான் பிளக்கின் மூன்றாவது பின். மற்ற இரண்டையும்விட அது நீளம். செருகும்போது முதலில் தொட்டு, பிடுங்கும்போது கடைசியாக விலக வேண்டும் என்பதற்காக. ஆனால் சுவருக்குப் பின்னால் அந்த எர்த் எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. கோடையில் காய்ந்து கிடக்கும் எர்த் குழியின் மின்தடை 20 ஓம் என்று வையுங்கள். பேஸ் கம்பி நேரடியாகத் தொட்டியில் முட்டினாலும் ஓடப்போவது 11.5 ஆம்பியர்தான். 16 ஆம்பியர் எம்சிபி அப்படியே நிற்கும். தொட்டியும் கிட்டத்தட்ட 230 வோல்ட்டில் நிற்கும். டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்து "எர்த் பக்காவா இருக்கு" என்று சொல்வதையும் நம்பிவிட வேண்டாம். 20 ஓம் எர்த்திலும் 100 வாட் பல்பு பளிச்சென்று எரியும். எர்த் டெஸ்டர் வைத்து அளந்தால்தான் உண்மை தெரியும்.

இதைவிட மோசம், எர்த் இல்லாத வீட்டில் பாக்ஸுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த் பின்னையும் சிறு வயரால் லூப் அடிப்பது. நியூட்ரல் எங்காவது அறுந்தால், எலிமெண்ட் வழியாக வரும் பேஸ் நேரே கீசரின் உடம்புக்கு வந்துவிடும். இந்த வேலையைச் செய்பவரைத் தயங்காமல் வெளியே அனுப்பலாம்.

நனைந்த உடம்பைக் காக்க ஆர்சிசிபி வேண்டும். பேஸில் போன மின்சாரம் அத்தனையும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று அது இடைவிடாமல் ஒப்பிடுகிறது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் 0.3 வினாடிக்குள் வெட்டும். 150 மில்லி ஆம்பியர் குறைந்தால் 0.04 வினாடிக்குள். சுமாரான எர்த்துகூட இதற்குப் போதும். ஆனால் லூப் அடித்த வீட்டில், கசிவும் நியூட்ரல் வழியே திரும்பிவிடுவதால் அதற்குக் கணக்கு சரியாகவே தெரியும்.

குளிக்குமுன் கீசரை அணைப்பது நல்ல பழக்கம்தான். சாதாரண சுவிட்ச் ஒரு கம்பியை மட்டுமே துண்டிக்கும். பேஸும் நியூட்ரலும் மாறியிருந்தால், அணைத்த பிறகும் எலிமெண்டில் மின்சாரம் நிற்கும். எனவே இரண்டையும் துண்டிக்கும் டிபி சுவிட்ச் கேளுங்கள். ஷவர் நனைக்கும் இடத்தில் பிளக் பாயிண்ட் வேண்டவே வேண்டாம். சர்வதேச விதிகள் ஷவருக்கடியில் தரையிலிருந்து 2.25 மீட்டர் உயரம் வரை அதை அனுமதிப்பதில்லை. 3,000 வாட் இன்ஸ்டன்ட் ஹீட்டர் 13 ஆம்பியர் இழுக்கும். அதை 6 ஆம்பியர் பாயிண்ட்டில் அடாப்டர் போட்டு ஓட்டினால் பிளக் உருகும்.

ஆர்சிசிபியின் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அது கருவி வேலை செய்கிறதா என்று மட்டுமே சொல்லும், எர்த்தைப் பற்றிச் சொல்லாது. கீசரைப் போட்டாலே ஆர்சிசிபி விழுகிறது என்று அலுத்துக்கொண்டு, அதைக் கழற்றி நேரடி இணைப்பு கொடுக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் அங்கே பழுதாகியிருப்பது எலிமெண்ட். கீசரின் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு, எலிமெண்டை மாற்றுங்கள்.