மூக்குக்குள் நடக்கும் சண்டை

ராயபுரத்துப் பிள்ளைகளுக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கை அறுவை சிகிச்சைக்குப் பேர்போன இடம் அது. மருத்துவர் ஆர். வெங்கடசாமி அதற்கென்றே அங்கு ஒரு தனிப் பிரிவை வளர்த்தெடுத்தார். ஒரு பக்கம் துறைமுகம், இன்னொரு பக்கம் திருவொற்றியூர், எண்ணூர் தொழிற்சாலைகள் என்று கையை நம்பிப் பிழைக்கிறவர்கள் நிறைந்த வடசென்னைக்கு அது எவ்வளவு பெரிய துணை! மெஷினில் சிக்கிய விரலை நரம்பையும் ரத்தக்குழாயையும் ஒவ்வொன்றாக இணைத்துத்தான் காப்பாற்ற முடியும். அதற்குப் பல மணி நேரம் பிடிக்கும்.

அவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த விரலையும் ஒரு கிருமி கெடுத்துவிடலாம். அந்தக் கிருமி பல சமயம் நோயாளியின் சொந்த மூக்கிலிருந்தே வருகிறது.

அதன் பெயர் ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ். சுருக்கமாக ஆரியஸ் என்போம். பத்துப் பேரில் ஏறக்குறைய மூன்று பேரின் மூக்கில், முன்வாசல் பக்கத்திலேயே, அது குடியிருக்கிறது. அங்கே இருக்கும்வரை பெரும்பாலும் தொல்லை தராது. மூக்கைக் குடைந்த விரலால் சிராய்ப்பைத் தொட்டால் அதன் வழியாக உள்ளே போய்விடும். சீழ்க்கட்டி வரலாம், ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. ரத்தத்தில் ஆரியஸ் கலந்த நோயாளிகளை ஜெர்மனியில் சோதித்து 2001-இல் முடிவை வெளியிட்டார்கள். பத்தில் எட்டுப் பேருக்கு மூக்கில் இருந்த கிருமியும் ரத்தத்தில் இருந்த கிருமியும் அச்சு அசலாக ஒன்றே!

மூக்குச்சளி இதைத் தடுக்காதா என்று கேட்பீர்கள். சரியான கேள்விதான். ஜலதோஷம் பிடித்திருந்தபோது அலெக்சாண்டர் ஃபிளெமிங் தன் மூக்குச்சளியையே எடுத்து ஆராய்ந்தார். அதில் பாக்டீரியாவைக் கரைக்கும் லைசோசைம் இருப்பதை 1922-இல் அறிவித்தார். ஆனால் ஆரியஸ் தன் சுவரைச் சற்று மாற்றி வைத்திருப்பதால் லைசோசைம் அதைக் கரைப்பதில்லை.

மருந்துகளிடமும் அது இதே வேலையைத்தான் காட்டியது. பெனிசிலினை மீறியது. அதற்காக 1959-இல் மெத்திசிலின் என்ற மருந்தைச் செய்தார்கள். பாக்டீரியாவின் சுவரைக் கட்டும் புரதத்தைப் பிடித்து நிறுத்துவது அந்த மருந்தின் வேலை. அதன் பிடியில் சிக்காத வேறொரு புரதம் கொண்ட ஆரியஸை 1961-இலேயே இங்கிலாந்தில் கண்டார்கள். இந்த வகையைத்தான் எம்.ஆர்.எஸ்.ஏ. என்கிறோம்.

அதனால் ஆபரேஷனுக்கு முன்பே மூக்கைச் சுத்தம் செய்துவிடலாம் என்று யோசித்தார்கள். இதற்கு நெடுநாளாகப் பயன்படுவது முபிரோசின் களிம்பு. வழக்கமாக ஐந்து நாள் மூக்கின் உட்பக்கம் தடவுவார்கள். அதையும் ஒரு பாக்டீரியாவிடமிருந்துதான் எடுக்கிறோம்! நெதர்லாந்தில் 2010-இல் வெளியான ஆய்வில், களிம்போடு கிருமிநாசினிக் குளியலும் சேர்ந்தபோது நூற்றுக்கு ஏறக்குறைய எட்டாக இருந்த ஆரியஸ் தொற்று மூன்றரைக்கும் கீழே இறங்கியது. அருமையான பலன். ஆனால் களிம்பை அளவில்லாமல் பயன்படுத்திய இடங்களில் அதற்கும் அசையாத ஆரியஸ் தோன்றிவிட்டது.

எல்லா ஆன்டிபயாடிக்குக்கும் இந்த ஆபத்து உண்டு. அதை எதிர்கொள்ள என்ன செய்யலாம் என்று இந்திய மருத்துவ சங்கங்கள் 2012-இல் நம் சென்னையில்தான் கூடிப் பேசின. மருத்துவர் அப்துல் கஃபூர் ஒருங்கிணைத்த அந்தத் திட்டத்துக்கு 'சென்னைப் பிரகடனம்' என்றே பெயர். வீட்டில் ஆன்டிபயாடிக் அட்டை இருந்தால் திருப்பிப் பாருங்கள். அதில் சிவப்புக் கோடு இருந்தால், மருத்துவர் சீட்டில்லாமல் அந்த மருந்தை வாங்கவோ சாப்பிடவோ கூடாது.

இப்போது புதிய வழிகளுக்கு வருவோம். முழங்காலில் அடிபட்டால் பழுப்பாகத் தடவுவார்களே, அந்த போவிடோன் அயோடினை மூக்குக்கென்று தனியாகச் செய்து ஆபரேஷனுக்கு முன் தடவுகிறார்கள். கனடாவின் வான்கூவர் பொது மருத்துவமனையில் 2011 முதல் மூக்கில் மெத்திலீன் நீலச் சாயத்தைத் தடவிச் சில நிமிடம் சிவப்பு ஒளி பாய்ச்சினார்கள். ஒளி பட்டதும் சாயம் அருகிலுள்ள ஆக்சிஜனைத் தூண்டிவிடும். அது பாக்டீரியாவை ஒரே நேரத்தில் பல இடங்களில் தாக்கும். இதைத் தாங்கக் கிருமி ஒரு புரதத்தை மட்டும் மாற்றினால் போதாது.

எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு மூக்குக்குள்ளேயே கிடைத்தது. மூக்கில் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு மிகக் குறைவு. மீன்பிடித் தடைக்காலத்தில் வரத்து குறைந்தால் காசிமேட்டு ஏலத்தில் போட்டி ஏறுகிறதல்லவா? மூக்கிலும் அப்படித்தான். போட்டி கடுமையாக இருந்தால் யாராவது ஆயுதம் செய்திருப்பார்கள் என்று ஜெர்மனியின் ட்யூபிங்கன் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரியாஸ் பெஷெல் குழுவினர் தேடினார்கள். கிடைத்தது! ஸ்டாஃபைலோகாக்கஸ் லக்டுனென்சிஸ் என்ற இன்னொரு மூக்குவாசி 'லக்டுனின்' என்ற புதிய ஆன்டிபயாடிக்கைச் சுரக்கிறது. எம்.ஆர்.எஸ்.ஏ.வையும் அது கொல்கிறது. 187 நோயாளிகளின் மூக்கைச் சோதித்தார்கள். லக்டுனென்சிஸ் இல்லாதவர்களில் நூற்றுக்கு 35 பேரிடம் ஆரியஸ் இருந்தது. லக்டுனென்சிஸ் இருந்தவர்களில் நூற்றுக்கு 6 பேரிடம் மட்டுமே. இது 2016-இல் வெளியானது. மூக்கில் வாழும் வேறொரு பாக்டீரியாவிடம் 'எபிஃபாடின்' என்ற இன்னொன்றையும் அதே பல்கலைக்கழகத்தார் 2023-இல் அறிவித்தார்கள். சில மணி நேரத்தில் தானே சிதைந்துவிடும் பொருள் அது. அதனால் பக்கத்தில் இருக்கும் எதிரியோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது.

தாய்லாந்துக் கிராமங்களில் 200 பேரைச் சோதித்தபோது இதைவிட வியப்பான ஒன்று தெரிந்தது. குடலில் பேசில்லஸ் என்ற பாக்டீரியா இருந்த ஒருவரிடமும் ஆரியஸ் இல்லை, மூக்கில்கூட! ஆரியஸ்கள் வேதிப்பொருள் அனுப்பி ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். பேசில்லஸ் சுரக்கும் ஒரு பொருள் அந்தப் பேச்சைத் தடுத்து ஆரியஸைத் தங்கவிடாமல் செய்கிறது. அதன்பின் ஆரியஸ் இருந்த 115 ஆரோக்கியமான பெரியவர்களைத் தேர்ந்தெடுத்து, ஏறக்குறையப் பாதிப் பேருக்கு பேசில்லஸ் மாத்திரையும் மீதிப் பேருக்கு மருந்தில்லா மாத்திரையும் நான்கு வாரம் கொடுத்தார்கள். பேசில்லஸ் சாப்பிட்டவர்களுக்குக் குடலில் ஆரியஸ் 96 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. மூக்கில் 65 சதவீதம். குடலில் உள்ள மற்ற பாக்டீரியாக்களின் கூட்டம் கலையவில்லை. 2023-இல் வந்த முடிவு இது. ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் நோயாளிகளுக்கு இந்த மாத்திரையைக் கொடுத்தால் காயத்தில் சீழ் பிடிப்பது குறைகிறதா என்பதுதான் அடுத்துச் சோதிக்க வேண்டியது.